யு இல்லாத க்யூ: ஆங்கிலச் சொல்லாட்டக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஸ்கிராபிள் பலகை முன் அமரும் தமிழ் ஆட்டக்காரர்களுக்கு,

ஸ்கிராபிள் பெட்டியில் 100 கட்டைகள் உண்டு. 98 கட்டைகளில் ஆங்கில எழுத்துகள் இருக்கும். மீதி இரண்டும் வெற்றுக் கட்டைகள். வெற்றுக் கட்டையை எந்த எழுத்தாகவும் வைக்கலாம், ஆனால் அதற்குப் புள்ளி கிடையாது. இ என்ற எழுத்துக்கு 12 கட்டைகள். க்யூ, இசட், ஜே, எக்ஸ், கே ஆகிய ஐந்துக்கும் தலைக்கு ஒன்றுதான். க்யூவுக்கும் இசட்டுக்கும் 10 புள்ளி, ஜேவுக்கும் எக்ஸுக்கும் 8, கேவுக்கு 5.

இந்தக் கணக்கைப் போட்டவர் ஆல்ஃபிரட் மோஷர் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர். 1930களின் பெருமந்தத்தில் வேலை இழந்திருந்த அவர், நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் முதல் பக்கத்தை வைத்துக்கொண்டு எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணினார். அடிக்கடி வரும் எழுத்துக்குக் கட்டை அதிகம், புள்ளி குறைவு. அரிதாக வருவதற்கு நேர்மாறு. எஸ் மட்டும் விலக்கு. எந்தச் சொல்லின் வாலிலும் அதை ஒட்டிப் பன்மையாக்கிப் புள்ளி சேர்த்துவிடுவார்கள் என்பதால் அதை நான்கு கட்டைகளோடு நிறுத்திவிட்டார். 1938இல் ஆட்டத்துக்குப் பலகை வந்தது. 1948இல் ஜேம்ஸ் புரூனோ அதன் உரிமையைப் பெற்று, ஸ்கிராபிள் என்று பெயரிட்டு விற்கத் தொடங்கினார்.

பட்ஸ் எண்ணியது செய்தித்தாள் ஆங்கிலம். பலகையில் செல்லுபடியாவதோ அகராதி ஆங்கிலம். இரண்டும் ஒன்றல்ல. செய்தித்தாளில் க்யூவுக்குப் பின்னால் யு வராத சொல்லைத் தேடிப்பிடிக்க வேண்டும். அகராதியில் அப்படிப்பட்டவை பல பத்து இருக்கின்றன. பட்ஸ் வைத்த விலைக்கும் அகராதியில் ஓர் எழுத்துக்குள்ள உண்மையான வசதிக்கும் நடுவே விழும் இந்த இடைவெளியில்தான் விசித்திரச் சொற்கள் அனைத்தும் வாழ்கின்றன. தேர்ந்த ஆட்டக்காரரின் பிழைப்பும் அங்கேதான்.

எந்தச் சொல் செல்லும் என்பதைத் தீர்மானிப்பவை இரண்டு பட்டியல்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒன்று. இந்தியா, இலங்கை, பிரிட்டன், ஆஸ்திரேலியா உள்ளிட்ட மற்ற நாடுகளின் ஆங்கிலப் போட்டிகளில் பெரும்பாலும் காலின்ஸ் பட்டியல். காலின்ஸ் பெரியது: ஈரெழுத்துச் சொற்கள் மட்டுமே 2019 பதிப்பில் 127, வட அமெரிக்கப் பட்டியலில் நூற்றுக்குச் சற்று மேல். இயற்பெயர்கள் இரண்டிலும் செல்லாது. இனி வரும் சொற்களைத் தமிழ் எழுத்தில் கூட்டிச் சொல்லும்போது, பி, டி ஆகிய பெயர்கள் இரண்டிரண்டு ஆங்கில எழுத்துகளுக்குப் பொதுவாகிவிடும். எது எது என்பதை உச்சரிப்பு காட்டிக்கொடுக்கும்.

க்யூவில்தான் தொடங்க வேண்டும், ஏனெனில் அதிகம் பயமுறுத்துவது அதுதான். ஆட்டம் முடியும்போது கையில் தங்கிய க்யூ 10 புள்ளியைக் கழித்துவிட்டு, அதே 10 புள்ளியை ஆட்டத்தை முடித்த எதிராளியின் கணக்கில் சேர்த்துவிடும். பெட்டியில் யு நான்கே நான்கு. அவை நான்கும் பலகையில் போய்விட்டால் புதிதாக ஆடுபவர் கைபிசைந்து நிற்பார்.

க்யூவும் யுவும் பிரியாமல் திரிவதற்குக் காரணம் லத்தீன். பழைய லத்தீனில் ஒரே ககர ஒலிக்கு மூன்று எழுத்துகள் இருந்தன. பின்னால் வரும் உயிரைப் பொறுத்து அவற்றில் ஒன்றைத் தேர்ந்து எழுதினார்கள். க்யூ வந்தது ஓ, யு முன்னால். காலப்போக்கில் யு மட்டுமே அதன் துணையாக நிலைத்தது. பழைய ஆங்கிலத்துக்கு இந்தப் பழக்கமே கிடையாது. அரசியைக் குறிக்கும் குவீன் என்ற சொல்லைச் சி, டபிள்யூ என்றே தொடங்கி எழுதினார்கள். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சு முறையில் பழகிய எழுத்தர்கள் அந்தச் சொற்களையெல்லாம் க்யூ, யு என்று மாற்றிவிட்டார்கள். ஆகவே இது எழுத்தர்களின் வழக்கம், மொழியின் இயல்பு அல்ல. லத்தீன் வழியில் வராத சொற்கள் அந்த வழக்கத்துக்குக் கட்டுப்படவில்லை.

கட்டுப்படாதவற்றில் பெரிய கூட்டம் அரபியிலிருந்து வந்தது. அரபியில் தொண்டையின் அடியிலிருந்து எழும் ககரம் ஒன்று உண்டு, பெயர் காஃப். அதை ரோமன் எழுத்தில் காட்டக் க்யூவைப் பயன்படுத்தினார்கள். தமிழ் வாசகர்களுக்கு இது நல்ல சேதி, ஏனென்றால் இந்தச் சொற்களில் பாதி நம் தெருக்களிலேயே புழங்குகின்றன. பக்கீர் என்பது எஃப்-ஏ-க்யூ-ஐ-ஆர். தலாக் என்பது டி-ஏ-எல்-ஏ-க்யூ. க்யூவிலேயே முடிவது இதன் சிறப்பு. புர்கா, நிகாப் இரண்டிலும் யு ஒட்டாத க்யூ இருக்கிறது. காலின்ஸ் பட்டியலில் தொழுகைத் திசையான கிப்லாவும், வக்ஃபும், கவ்வாலியும் உண்டு. நாகூரில் கவ்வாலி கேட்டு வளர்ந்த ஒருவர் இவற்றைப் பாடமாகப் படிக்கத் தேவையில்லை. எழுத்துக்கூட்டை மட்டும் நினைவில் வைத்தால் போதும். ஏமனிலும் எத்தியோப்பியாவிலும் மெல்லப்படும் போதை இலையான கத், க்யூ-ஏ-டி. ஈரானில் மலையடிவாரத்திலிருந்து நிலத்தடியில் நீரைக் கொண்டுவரும் சுரங்க வாய்க்காலான கனாத், க்யூ-ஏ-என்-ஏ-டி. வட ஆப்பிரிக்கத் தலைவனுக்குரிய க்யூ-ஏ-ஐ-டி, இரண்டு உயிர்களையும் சேர்த்து இறக்கிவிடும் வசதியான சொல்.

மற்றவை உலகின் மூலைமுடுக்குகளிலிருந்து ஒவ்வொன்றாக வந்தவை. எபிரேயத்திலிருந்து க்யூ-ஓ-பி-எச், இது அந்த மொழியின் எழுத்தொன்றின் பெயர், க்யூவின் மூதாதையும் அதன் குடும்பமே. அல்பேனியாவின் சில்லறைக் காசு கிந்தார். அஜர்பைஜானின் சில்லறைக் காசு கபிக். வட அமெரிக்காவில் 2018இல் அச்சான ஸ்கிராபிள் அகராதியில் இது சேர்ந்தது. ஆர்க்டிக் கஸ்தூரி எருதின் உள்மயிரான கிவியுத்தில் யு இருக்கிறது, ஆனால் க்யூவுக்குப் பக்கத்தில் இல்லை. தென்னாப்பிரிக்க இசை வகையான எம்-பி-ஏ-க்யூ-ஏ-என்-ஜி-ஏ, சூலு மொழிச் சொல். அங்கே க்யூ என்பது நாவைச் சொடுக்கி எழுப்பும் ஒலியைக் குறிக்கும். இவை தவிர டி-ஆர்-ஏ-என்-க்யூ என்று ஒன்று உண்டு. மயக்க மருந்தைக் குறிக்கும் நீளச் சொல்லை, சரியாக யு தொடங்கும் இடத்தில் வெட்டிச் சுருக்கியது. பலகைக்காகவே யாரோ வெட்டினார்களோ என்று தோன்றும்.

எல்லாவற்றிலும் முதலில் கற்க வேண்டியது க்யூ-ஐ. சீனத்தில் உயிர்மூச்சு, உயிராற்றல் என்று பொருள்படும் சீ. 1958இல் சீனா ஏற்றுக்கொண்ட பின்யின் எழுத்துமுறையில் அந்த ஒலிக்குக் க்யூ ஒதுக்கப்பட்டதால் விளைந்த வடிவம் இது. வட அமெரிக்கப் பட்டியலில் 2006இல் நுழைந்தது. அதன் பிறகு க்யூவைப் பற்றிய பயமே பாதியாகக் குறைந்தது. பெட்டியில் ஐ 9 இருக்கின்றன, யு 4 தான் என்பதை ஒப்பிட்டால் காரணம் புரியும். போட்டிகளில் மிக அடிக்கடி விழும் சொற்களில் இதுவும் ஒன்று. பின்னால் எஸ் சேர்த்துப் பன்மையாக்கலாம். பழைய ஆட்டக்காரர்களில் சிலருக்கு இச்சொல் இன்னும் கசப்புதான்: க்யூவை அடக்கி ஆள்வது ஒரு திறமையாக இருந்த காலம் போய்விட்டது என்பார்கள். அந்த முணுமுணுப்பில் நியாயம் இல்லாமல் இல்லை.

அதே 2006இல் அமெரிக்கப் பட்டியலில் சேர்ந்த இன்னொன்று இசட்-ஏ. பீட்சாவைச் சுருக்கிய பேச்சுச் சொல். காலின்ஸில் இசட்-ஓவும் செல்லும். அது திபெத்தில் யாக் எருமையையும் பசுவையும் இணைத்துப் பெறும் கலப்பின மாடு. அந்த மாட்டை இசட்-எச்-ஓ, டி-இசட்-ஓ, டி-எஸ்-ஓ என்று பல விதமாக எழுதலாம், எல்லாமே செல்லும். திபெத்திய ஒலியை ஆங்கிலத்தில் எப்படிப் பிடிப்பது என்று பயணிகளால் முடிவு செய்ய முடியாததன் பலன் ஆட்டக்காரருக்குக் கிடைத்திருக்கிறது. கூரைப் பலகைக் கற்களை வெட்டும் கருவி இசட்-ஏ-எக்ஸ். மூன்றே எழுத்தில் 19 புள்ளி.

இசட்டின் தொல்லை வேறு வகையானது. ஆங்கிலத்தில் அது இரட்டித்து வருவதை விரும்பும் எழுத்து, பெட்டியிலோ ஒன்றுதான். பீட்சா என்று முழுதாக வைக்க ஒரு வெற்றுக் கட்டை செலவாகும். குறட்டையைக் குறிக்கும் மூன்று இசட், சொல்லாகவே பட்டியலில் இருக்கிறது. ஆனால் அதை வைக்க இரண்டு வெற்றுக் கட்டைகளையும் கொடுக்க வேண்டும், கிடைப்பதோ 10 புள்ளி. பகட்டைக் குறிக்கும் பிசாஸ் என்ற சொல்லை நான்கு இசட் போட்டு எழுதும் வடிவம் செல்லுபடியாகும், ஆனால் பலகையில் வைக்கவே முடியாது. மூன்று இசட் போட்டு எழுதும் வடிவத்தைத்தான் வைக்க முடியும். சட்டம் அனுமதித்தும் பெட்டி அனுமதிக்காத சொற்கள் இப்படிச் சில உண்டு. அமெரிக்க வெப்பமண்டலக் கூன்வண்டுப் பேரினம் ஒன்றின் பெயரான சிசிவா, மூன்று இசட்டும் இரண்டு ஒய்யும் கொண்டது. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியில் 2017 முதல் கடைசிச் சொல் அதுதான். சொற்பட்டியலைப் பயிலவும் சரிபார்க்கவும் போட்டிக்காரர்கள் வைத்திருக்கும் மென்பொருளுக்கும் அதே பெயர்.

எக்ஸ், பட்ஸ் தவறாக விலை வைத்த எழுத்து. செய்தித்தாளில் அரிது என்பதால் 8 புள்ளி கொடுத்தார். ஆனால் அது ஐந்து உயிர்களோடும் ஈரெழுத்துச் சொல்லாகச் சேரும்: ஏ-எக்ஸ், இ-எக்ஸ், ஓ-எக்ஸ் ஆகியவற்றில் பின்னால், கிரேக்க எழுத்தான எக்ஸ்-ஐ, வியட்நாம் காசான எக்ஸ்-யு ஆகியவற்றில் முன்னால். எழுத்துக்கு மும்மடங்கு தரும் கட்டத்தில் வைத்து, குறுக்கிலும் நெடுக்கிலும் சொல் அமைந்துவிட்டால் எக்ஸ் ஒன்றுக்கு மட்டும் 48 புள்ளி. ஆகவே எக்ஸ் கிடைத்ததும் நீளச் சொல்லைத் தேடுவது வீண். நல்ல கட்டத்தைத் தேட வேண்டும்.

ஜேயிலும் இந்தியருக்குச் சலுகை உண்டு. ஆர்-ஏ-ஜே, டி-ஏ-ஜே, எச்-ஏ-ஜே மூன்றும் செல்லும். ஹஜ்ஜை இரண்டு ஜே போட்டு எழுதலாம், ஆனால் ஒன்றுக்கு வெற்றுக் கட்டை வேண்டும். எச்-ஏ-டி-ஜே என்றால் வேண்டாம். சுயராஜ்யத்தின் ஸ்வராஜ் உண்டு. ஞானத்தைக் குறிக்கும் ஜே-என்-ஏ-என்-ஏவும் உண்டு. ஆங்கிலேயர் நாவில் திணறும் அந்தத் தொடக்கம் நமக்குப் பழகியதுதான்.

இதற்கு மறுகோடியில் வி. பட்ஸ் வைத்த விலை 4, அது கொடுக்கும் தலைவலியோ அதற்கு மேல். வி இருக்கும் ஈரெழுத்துச் சொல் இரண்டு பட்டியல்களிலும் ஒன்றுகூட இல்லை. அதனால் பலகையில் விழுந்த வியை ஒட்டி இணைகோட்டில் சொல் அமைப்பது கடினம்; முன்னிலையில் இருப்பவர் பலகையை அடைக்க விரும்பினால் வியை வைப்பது ஒரு தந்திரம். பாறைக்குள் இருக்கும் பொந்தைக் குறிக்கும் வி-யு-ஜி, எபிரேய எழுத்தான வி-ஏ-வி போன்ற மூன்றெழுத்துகள் கைகொடுக்கும். பெட்டியிலுள்ள இரண்டு வியையும் ஒரே சொல்லில் கொட்ட வேண்டுமென்றால் தமிழே உதவும்: வி-இ-டி-ஐ-வி-இ-ஆர், வெட்டிவேர். ஏழு எழுத்தும் கையிலிருந்தே இறங்குவதால் கூடுதலாக 50 புள்ளி.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனவற்றுள் ஏழெழுத்துக்கு இன்னொரு எடுத்துக்காட்டு சுருட்டு, ஆங்கிலத்தில் செரூட். அணைக்கட்டு காலின்ஸில் ஒரு என்னோடும் இரண்டு என்னோடும் இருக்கிறது. குருந்தக் கல், கட்டுமரம், மிளகுத் தண்ணீர் எல்லாம் செல்லும், கடைசியது 12 எழுத்து என்பதால் யாருக்கும் வாய்க்கப்போவதில்லை. நடைமுறையில் பயன்படுவது உணவுவிடுதிச் சொற்கள்தாம். ஐ இரண்டு வந்து மாட்டிக்கொண்டால் காலின்ஸில் இட்லி. தோசை, டி-ஓ-எஸ்-ஏ, அதன் பன்மையாகக் கடைசியில் ஐ சேர்த்த வடிவத்தையும் காலின்ஸ் ஏற்கிறது. ஒரு தோசைக்கும் பல தோசைக்கும் வித்தியாசம் ஓர் ஐ என்பது தமிழ் இலக்கணத்துக்குப் புதிது.

கையில் உயிரே இல்லாமல் மெய்களாக வந்து நிற்கும் நிலையும் வரும். பெட்டியில் 42 உயிர்க் கட்டைகள் இருந்தும் அவை கைக்குச் சமமாக வந்து சேர்வதில்லை. அப்போது உதவுவது வேல்ஸ் மொழி. அங்கே டபிள்யூ உயிரெழுத்தும் ஆகும். மலைச்சரிவின் கிண்ணம் போன்ற பள்ளம் சி-டபிள்யூ-எம், உச்சரிப்பு கூம். எவரெஸ்டின் மேற்குப் பள்ளத்தாக்குக்கு 1921இல் ஜார்ஜ் மாலரி இந்தப் பெயரைத்தான் சூட்டினார். வில்லால் இசைக்கும் பழைய வேல்ஸ் நரம்புக் கருவி சி-ஆர்-டபிள்யூ-டி-எச். மற்றவை வாயொலிகள்: எச்-எம், எஸ்-எச், டி-எஸ்-கே, பி-எஸ்-எஸ்-டி. உச்சுக்கொட்டலை இருமுறை எழுதினால் கே இரண்டாகி வெற்றுக் கட்டை கேட்கும். ஒய்யை உயிராகக் கொண்டால் வாசல் அகலமாகும். சூரியன், புவி, நிலவு நேர்கோட்டில் நிற்பதைச் சொல்லும் சிசிஜி, அதாவது எஸ்-ஒய்-இசட்-ஒய்-ஜி-ஒய், எல்லோரும் ஒருமுறையாவது வைத்துப் பார்க்க ஆசைப்படும் சொல். ஒய் மூன்று வேண்டும், இருப்பது இரண்டு; வெற்றுக் கட்டையோடு சேர்த்து 21 புள்ளி.

உயிர்கள் மட்டுமே குவிந்தால் ஹவாய்த் தீவின் கரடுமுரடான எரிமலைக் குழம்புப் பாறை ஏ-ஏ, தென்னமெரிக்க மூவிரல் தேவாங்கு போன்ற விலங்கு ஏ-ஐ, ஃபாரோ தீவுகளின் சுழற்காற்று ஓ-இ. காலின்ஸில் இதன் உச்சம் இ-யு-ஓ-யு-ஏ-இ: ஆறெழுத்து, ஒரு மெய்கூடக் கிடையாது. கிரிகோரியன் தேவாலய இசைச் சுவடிகளில், லத்தீன் துதியின் கடைசி இரு சொற்களிலுள்ள உயிர்களை மட்டும் சேர்த்து எழுதிய குறி அது. பெட்டியின் நான்கு யுவையும் இரண்டு எம்மையும் ஒருசேர விழுங்கும் சொல்லொன்றும் ஹவாயில் உண்டு: தளர்ந்த கவுனான முமு, எம்-யு-யு-எம்-யு-யு. புள்ளி பத்துதான்.

அரிய எழுத்துகள் கூடி வரும்போது எண்ணிக்கை எங்கே போகும் என்பதற்கு இரண்டு ஆட்டங்கள் சான்று. 1982இல் மான்செஸ்டரில் கார்ல் கோஷ்னாவ், மேற்கிந்தியப் பழங்குடித் தலைவர்களைக் குறிக்கும் கசீக் என்ற சொல்லின் பன்மையை வைத்தார்: சி-ஏ-இசட்-ஐ-க்யூ-யு-இ-எஸ். எட்டு எழுத்தின் கூட்டுத்தொகை 28. க்யூ இருமடங்குக் கட்டத்தில் விழுந்ததால் 38. சொல் முழுதும் இரண்டு மும்மடங்குக் கட்டங்களைத் தொட்டதால் ஒன்பது மடங்கு, 342. ஏழு கட்டைகளையும் இறக்கியதற்கு 50. மொத்தம் 392. 2006 அக்டோபரில் மாசசூசெட்ஸின் லெக்சிங்டனில் ஒரு மன்ற ஆட்டத்தில் மைக்கேல் கிரெஸ்டா, டான் கிஹோட்டே பாத்திரத்தின் பெயரிலிருந்து பிறந்த க்யூ-யு-ஐ-எக்ஸ்-ஓ-டி-ஆர்-ஒய்யை வைத்து ஒரே முறையில் 365 எடுத்து, 830இல் ஆட்டத்தை முடித்தார். அவர் புகழ்பெற்ற போட்டிக்காரர் அல்ல. பெரிய சொல்லுக்காக ஆபத்தைத் துணிந்து ஏற்றவர். தேர்ந்த ஆட்டக்காரர் அப்படி ஆடமாட்டார் என்றே சொல்லப்பட்டது, அது சரியும்கூட.

இவற்றின் பொருளெல்லாம் தெரிந்திருக்க வேண்டுமா என்றால், ஆட்டத்துக்கு வேண்டியதில்லை. நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமலேயே 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். 2024இல் ஸ்பானிய மொழியிலும் அதையே செய்தார். தாய்லாந்தின் பனுபோல் சுஜ்ஜயகோர்ன் 2003இலும், பக்கோர்ன் நெமித்ர்மன்சுக் 2009இலும் ஆங்கில உலகப் பட்டம் பெற்றார்கள். ஆங்கிலம் அவர்கள் வீட்டு மொழி அல்ல. பட்டியல் என்பது எழுத்துவரிசைகளின் தொகுப்பு, அவ்வளவே. ஆனாலும் பொருளும் ஊரும் தெரிந்த சொல் நினைவில் ஒட்டிக்கொள்ளும், தெரியாதது நழுவிவிடும். முழுநேரமும் மனப்பாடத்துக்கு ஒதுக்க முடியாதவர்களுக்கு மேலே சொன்ன வரலாறுகள் அந்த வகையில் உதவும்.

கற்கும் வரிசை முக்கியம். முதலில் ஈரெழுத்துச் சொற்கள் முழுவதும். பலகையை இறுக்கமாக நிரப்ப அவையே ஆதாரம். அடுத்து யு இல்லாத க்யூ சொற்களில் ஐந்தெழுத்துக்கு உட்பட்டவை. பிறகு ஜே, எக்ஸ், இசட் உள்ள மூன்றெழுத்துகள், வி உள்ள மூன்றெழுத்துகள், உயிர் மிகுந்த நான்கெழுத்துகள். சிசிவாவும் சிசிஜியும் கடைசியில் வந்தால் போதும்.

வைத்த சொல்லின் மேல் எதிராளிக்கு ஐயம் இருந்தால் சவால் விடலாம். சொல் பட்டியலில் இல்லையென்றால் வைத்தவர் கட்டைகளைத் திரும்ப எடுத்து முறையை இழப்பார். இருந்துவிட்டால், வட அமெரிக்க விதிப்படி சவால் விட்டவர் முறையை இழப்பார். சர்வதேசப் போட்டிகளில் வழக்கமாகச் சில புள்ளிகள் எதிர்ப்பக்கம் போகும். சவால் வராதவரை பொய்ச் சொல்லும் பலகையில் நிற்கும். வீட்டு ஆட்டத்தில் சண்டை வருவது பெரும்பாலும் இங்கேதான்: ஒருவர் காலின்ஸை நினைத்து இசட்-ஓ வைப்பார், மற்றவர் கைபேசியில் அமெரிக்கப் பட்டியலைத் திறப்பார். முதல் கட்டையை எடுப்பதற்கு முன் எந்தப் பட்டியல் என்று பேசி முடித்துக்கொள்ள வேண்டும்.